குப்பியும் பகிடிவதையும்: புதுமுக மாணவரை யார் பொறுப்பெடுத்தது?

முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் கொஞ்சநஞ்சமில்லை. எந்தப் பாடத்தோடு எந்தப் பாடத்தைச் சேர்த்து எடுக்கலாம், இப்ப எடுக்காமல் விட்டால் மூன்றாம் வருசத்தில் எந்தக் கதவு மூடுப்படும், ஜிபிஏ எண்டால் என்ன, ஒரு பாடம் ரிப்பீட் விழுந்தால் வகுப்புச் சித்தி போய்விடுமா, மஹாபொல விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, ஆங்கிலத்தில் நடக்கிற விரிவுரையில் ஒன்றுமே விளங்காவிட்டால் யாரிடம் போவது. இவ்வளவையும் உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது எண்டு எங்கட கம்பஸ்களில் படித்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பீடாதிபதி எண்டோ மாணவர் ஆலோசகர் எண்டோ பதில் வருவது குறைவு. "சீனியர் அண்ணா ஒராள்", "எங்கட ஊர் அக்கா ஒராள்" எண்டுதான் பெரும்பாலும் வரும்.

சில வேளைகளில் அதே அண்ணாதான் முதல் மாதத்தில் இரவு பத்து மணிக்கு அறைக்குக் கூப்பிட்டு முழங்காலில் நிற்க வைத்தவராகவும் இருப்பார். இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளின் கைக்கு எப்படிப் போனது என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது.

இலங்கைத் தமிழர் பல்கலைக்கழகங்களைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி வாசலைப் பற்றியது. தரப்படுத்தல், மாவட்டக் கோட்டா, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி. யார் உள்ளே போனார்கள், யாரை உள்ளே விடவில்லை என்பதை ஐம்பது வருசமாகக் கதைக்கிறோம். கதைக்கத்தான் வேணும். ஆனால் உள்ளே போன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற வரலாற்றை நாங்கள் எழுதவே இல்லை என்றுதான் சொல்வேன். அது நினைவுகளாகவும், நண்பர்கள் கூடினால் சொல்லிச் சிரிக்கிற கதைகளாகவும், சில வீடுகளில் ஆறாத துக்கமாகவும் மட்டும் கிடக்கிறது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் முன்னின்று 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடக்கினார். அந்தக் கோரிக்கையின் முதல் பலனாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அது தன் பெயரில் பட்டம் கொடுக்கவில்லை. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத்தான் தோற்றினார்கள். 1942இல் அதையும் மருத்துவக் கல்லூரியையும் சேர்த்து இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது மொத்த மாணவர் தொகை ஏறத்தாழ 900. இண்டைக்கு ஒரு பீடத்தின் ஒரு வருச பட்ச்சே சில இடங்களில் அதில் பாதிக்கு வரும்.

முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். அவர் மனதில் இருந்தது மாணவர் எல்லாரும் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகம். 1952இல் பேராதனைக்குக் கலைப்பீடம் இடம்மாறியபோது அந்த மாதிரியே நடைமுறைக்கு வந்தது. மகாவலிக் கரையில் கட்டின அந்த மண்டபங்களைப் பார்த்தால் அழகுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அவை வெறும் படுக்கை போட்ட கட்டடங்களாகத் திட்டமிடப்பட்டவை அல்ல. ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு வார்டன், அவருக்குக் கீழே சப் வார்டன்மார், அவர்கள் விரிவுரையாளர்கள். பகலில் படிப்பிக்கிறவரே மாலையில் உங்கள் மண்டபத்தில் கண்ணில் படுவார். ரியூட்டோரியல் வகுப்பில் ஒரு சிலர்தான் இருப்பார்கள். கட்டுரை எழுதிக்கொண்டு போனால் அதை உங்கள் முன்னால் வைத்தே திருத்துவார்கள். "ஆலோசகர்" என்று தனியாக ஒரு பதவி தேவைப்படவில்லை. ஆலோசனை அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தது.

அதை ஒரு பொற்காலம் என்று பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அங்கே வந்த பெரும்பாலானோர் ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள், பெயர்பெற்ற கல்லூரிகளின் விடுதிகளில் வளர்ந்தவர்கள், வீட்டிலே வழி சொல்ல ஆள் இருந்தவர்கள். உதவி குறைவாகத் தேவைப்பட்டவர்களுக்கு உதவி நிறைவாகக் கிடைத்தது.

பிறகு நாடு மாறியது. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் தொடங்கியது. பாலர் வகுப்பு தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பல்கலைக்கழக வயதை எட்டிய நேரம் மொழியும் மாறியது. 1960இல் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் விரிவுரைகள் தொடங்கின. 1959இலேயே வித்தியோதயவும் வித்தியாலங்காரவும் பல்கலைக்கழகங்களாகிவிட்டன. சில வருசங்களுக்குள் மாணவர் தொகை பல மடங்காகியது. நெடுந்தீவிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்து, தன் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழக வாசல் மிதித்த பிள்ளை இந்தக் காலத்தின் பிள்ளை.

இது எங்கட நாட்டின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கணக்குப் பிழைத்தது. மாணவர் பெருகின வேகத்தில் மண்டபங்கள் பெருகவில்லை, விரிவுரையாளர் பெருகவில்லை. ரியூட்டோரியல் என்பது பெயருக்கு நின்றது. வார்டன் என்பவர் மெல்ல மெல்ல அறைச் சாவியையும் ஒழுக்காற்று விசாரணையையும் கவனிக்கிற ஆளானார். நூலகத்திலே ஆங்கிலப் புத்தகம், விரிவுரையிலே தமிழ் நோட்ஸ். வழிகாட்டல் தேவையில்லாத காலத்தில் இருந்த வழிகாட்டல், தேவைப்பட்ட காலத்தில் இல்லாமல் போனது.

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்க்கலாம். ஹார்வர்டில் சார்ல்ஸ் எலியட் 1869இல் தலைவராக வந்து, எல்லாரும் ஒரே பாடத்தைப் படிக்கிற பழைய முறையை உடைத்து, மாணவர் தாங்களே பாடங்களைத் தெரிவு செய்கிற முறையைக் கொண்டுவந்தார். சுதந்திரம் வந்ததும் பதினெட்டு வயதுப் பொடியன்மார் எதை எடுப்பது எண்டு தெரியாமல் முழித்தார்கள். அதனால் 1880களின் முடிவில் முதலாம் வருசத்தாருக்கென்று ஆசிரியர்கள் கொண்ட ஆலோசகர் குழுவொன்றை அங்கே அமைத்தார்கள். தெரிவு வந்தது, தெரிவுக்கு ஆளும் வந்தது. எங்கட பல்கலைக்கழகங்களிலும் 1990களில் தொடங்கிப் பாட அலகு முறையும் செமஸ்டரும் விருப்பத் தெரிவுப் பாடங்களும் வந்தன. ஆளுக்குப் பதிலாகப் பல இடங்களில் வந்தது ஒரு கையேடு. அந்தக் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதை விளங்கப்படுத்தவும் ஒரு அக்கா தேவை.

ஆனாலும் அந்த அறுபதுகளில் எல்லா ஆசிரியரும் கைவிட்டார்கள் என்று எழுதினால் அது அநியாயம். பேராதனைத் தமிழ்த்துறையில் சு. வித்தியானந்தன் செய்ததைப் பாருங்கள். அவர் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த கதை எல்லாருக்கும் தெரியும்: 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். கலை வரலாற்றில் அதற்கு ஒரு அத்தியாயம் உண்டு. ஆனால் நான் அதை வேறு விதமாகவும் வாசிக்கிறேன். மட்டக்களப்புக் கிராமத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை, தன் ஊரில் விடிய விடிய ஆடுகிற கூத்து ஒரு நாகரிகமில்லாத சாமான் எண்டு நினைத்துக்கொண்டு கண்டி றோட்டில் இறங்குது. அங்கே ஒரு பேராசிரியர் "உனக்கு ஆடத் தெரியுமா, ஆடு" என்கிற மாதிரி அதையே பல்கலைக்கழகத்தின் பெருமையாக்குகிறார். அந்த ஆட்டத்தில் நின்ற மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கலையையே அடுத்த தலைமுறைக்குப் படிப்பித்தார். ஆலோசனை என்று பெயர் வைக்காத ஆலோசனை அது. ஆனால் ஒரு வித்தியானந்தனின் மனசை நம்பி ஒரு அமைப்பை நடத்த முடியாது. அவர் இல்லாத துறையில் வந்து சேர்ந்த பிள்ளை என்ன செய்யும்?

சீனியரிடம் போகும். அந்த வெற்றிடத்தில் சீனியர் வந்து நின்றார், இரண்டு கைகளோடு.

ஒரு கை குப்பி. பல்கலைக்கழகத்தில் படிக்காத வாசகருக்காகச் சொல்கிறேன்: குப்பி எண்டால் சீனியரோ கெட்டிக்கார பட்ச்மேட்டோ பரீட்சைக்கு முதல் விடுதியில், மரத்துக்குக் கீழே, வெறும் வகுப்பறையில் எடுக்கிற இலவச வகுப்பு. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். சிங்கள மாணவரும் அதே சொல்லைத்தான் பாவிக்கினம். (வடக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். அந்தச் சொல்லைக் கழுத்திலிருந்து கழற்றி மீண்டும் ஒரு விளக்காக்கியது கம்பஸ்தான் எண்டு எனக்குச் சில நேரம் தோன்றும்.) காசு வாங்காமல், பெயர் போடாமல், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு விரிவுரையில் விளங்காததை விளங்கப்படுத்துகிற இந்தப் பழக்கம் எங்கட பல்கலைக்கழகங்களின் ஆகச் சிறந்த விஷயங்களில் ஒன்று. எத்தனையோ பட்டங்கள் குப்பியில் எடுத்த பட்டங்கள்.

மற்றக் கை பகிடிவதை. பகிடி, வதை என்ற இரண்டு சொல்லை ஒட்டவைத்து அந்தப் பெயரை உண்டாக்கினவர் ஆரோ தெரியாது, ஆனால் ஆங்கிலச் சொல்லை விட உண்மையான சொல். செய்கிறவருக்குப் பகிடி, படுகிறவருக்கு வதை.

அதை நியாயப்படுத்தச் சொல்லப்படுகிற காரணம் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேணும். "எல்லாரையும் சமப்படுத்திறம்." கொழும்பிலிருந்து காரில் வந்து இறங்குகிற பிள்ளையும் பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளையும் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரிச் செருப்பு, ஒரே மாதிரித் தலைகுனிவு. அறுபதுகளுக்குப் பிறகு வளாகத்துக்குள் உண்மையிலேயே இருந்த வர்க்கக் காயத்திலிருந்துதான் அந்தப் பேச்சு தன் பலத்தை எடுத்தது. ஆனால் சமப்படுத்துகிறவர் தன்னைச் சமப்படுத்திக்கொள்வதில்லை. ஒரு வருசம் முதல் வந்தவர் என்ற ஒரே தகுதியில் அவர் மேலே நிற்பார். ஆங்கிலம் தெரியாதவருக்கு அதனால் ஒரு சொல்லும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

சாவுகளும் காயங்களும் பதிவில் இருக்கின்றன. 1974இல் வித்தியாலங்கார வளாகத்தில் பயிற்சிக்கு வந்த கணித ஆசிரியர்களுக்கு நடந்த பகிடிவதையை விசாரிக்க அரசு குலரத்ன ஆணைக்குழுவை நியமித்தது. மாணவர் பன்னிரண்டு பேர் நீக்கப்பட்டார்கள். நடவடிக்கை எடுக்காத அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். 1975இல் பேராதனை விவசாய பீடத்து மாணவி ஒருவர் பகிடிவதைக்குத் தப்ப மண்டபத்தின் மாடியிலிருந்து குதித்து, முடமாகி, 2002இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அந்த மண்டபத்தின் பெயர் இராமநாதன் மண்டபம். அதற்கு முந்தின வருசம்தான், அதே இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில், கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திறந்திருந்தது.

1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். வயது 21. அதே வருசம் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஒரு மாணவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருசம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ என்றால் பத்து வருசம் வரை. சட்டம் வந்து நாலு வருசத்தில், 2002 நவம்பரில், ஸ்ரீ ஜயவர்தனபுரவில் பகிடிவதையை எதிர்த்து நின்ற மாணவர் தலைவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2020 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தில் மாடிப்படியில் உருட்டிவிட்ட டயர் பட்டு ஒரு முதலாம் வருச மாணவர் தலையில் படுகாயமடைந்தார். கொரோனாவில் வளாகங்கள் பூட்டிக் கிடந்தபோது பகிடிவதை வட்ஸ்அப்புக்குப் போனது.

தமிழ் மாணவரைக் கொன்றது சிங்கள சீனியராக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அந்த 1997 வழக்கை ஒருக்கா வாசித்துப் பார்க்கலாம். தமிழ் முதலாம் வருசத்தாரைத் தமிழ் சீனியர்தான் "எடுப்பார்". இது எங்கட பிரச்சினை.

சட்டம் கடுமையாக இருந்தும் ஏன் நிற்கவில்லை? பொலிசு வராது, சாட்சி சொல்ல மாட்டார்கள், அரசியல் சங்கங்கள் காப்பாற்றும் என்று வழக்கமான பதில்கள் இருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் குறைவாகக் கதைக்கப்படுகிற ஒன்று இருக்கிறது. பகிடிவதைக்கு மறுத்த பிள்ளைக்கு, "அன்டி ரக்" எண்டு முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு, பல பீடங்களில் முதலில் நடப்பது அடி அல்ல. நோட்ஸ் கிடைக்காது. பழைய வினாத்தாள் கிடைக்காது. குப்பிக்குக் கூப்பிடமாட்டார்கள். அறை பார்த்துக் கொடுக்கமாட்டார்கள். பட்ச் குழுவில் சேர்க்கமாட்டார்கள். அதாவது, பல்கலைக்கழகம் தன் பொறுப்பாகக் கொடுத்திருக்க வேண்டிய எல்லாவற்றையும் சீனியர் தன் சொத்தாக வைத்திருக்கிறார். அதை வெகுமதியாகவும் தண்டனையாகவும் பாவிக்கிறார். கிளிநொச்சியிலிருந்து வந்த பிள்ளை கணக்குப் பார்க்கும்: இரண்டு மாதம் தலைகுனிந்தால் நாலு வருசத்துக்கு வழி கிடைக்கும். அது முட்டாள்தனமான கணக்கு அல்ல. அதுதான் பிரச்சினை.

அரசும் பல்கலைக்கழகங்களும் சும்மா இருக்கவில்லை. 1980களில் புதுமுக மாணவருக்குப் பொது ஆங்கிலப் பயிற்சியை மானியங்கள் ஆணைக்குழு தொடங்கியது, உருப்படியான முயற்சி. ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. சிலர் தங்கள் நேரத்தையெல்லாம் கொடுத்து வேலை செய்கிறார்கள். ஆனால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஏற்கெனவே முழு நேரம் படிப்பிக்கிற ஒரு விரிவுரையாளரின் தலையில் கூடுதலாக வைக்கிற பாரம். பகிடிவதை நடக்குதோ எண்டு இரவு ரோந்து போவதும் அவர்தான், "சேர், எனக்கு இந்தப் பாடம் பிடிக்கேல்லை, மாறலாமா" எண்டு கேட்கப் போக வேண்டியதும் அவரிடம்தான். பிடிக்கிற கையையும் அடிக்கிற கையையும் ஒராளிலே வைத்த அதே பிழை, இன்னொரு வடிவத்தில்.

எல்லாவற்றிலும் விசித்திரமான பரிசோதனை 2011இல் நடந்தது. அந்த வருசம் மே மாதத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை மூன்று கிழமைத் "தலைமைத்துவப் பயிற்சிக்கு" இராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். முதல் கட்டத்தில் ஏறத்தாழ 10,000 பேர். அதிகாலை எழும்பி அணிநடை, பிறகு தலைமைத்துவ வகுப்பு, வரலாறு. இந்த நாட்டின் அரசு புதுமுக மாணவர் எல்லாரையும் ஒன்றாக எடுத்து, காசு செலவழித்து, "உங்களை ஆயத்தப்படுத்துகிறோம்" என்று சொன்ன மிகப் பெரிய நிகழ்ச்சி அதுதான். முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு வருசம். தன் அப்பாவையோ அண்ணாவையோ தேடிக்கொண்டிருந்த ஒரு வன்னிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் முகமாகக் காட்டப்பட்டது சீருடை. 2015 ஆட்சி மாற்றத்தோடு அது நின்றது. அந்த மூன்று கிழமையையும் அந்தக் காசையும் ஒவ்வொரு பீடத்திலும் ஆங்கிலத்துக்கும், பாடத் தெரிவுக்கும், ஒரு விரிவுரையாளரோடு இருபது பிள்ளைகள் இருந்து கதைப்பதற்கும் செலவழித்திருந்தால் எண்டு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது அனுமதியில் 40 வீதம் திறமைப் பட்டியல், 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் நுவரெலியாவிலும் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த 55உம் 5உம் உயிர்நாடி. ஆனால் "இந்தப் பள்ளிக்கூடத்தில் வசதி குறைவு" என்று ஏற்றுக்கொண்டு குறைந்த புள்ளியில் உள்ளே எடுக்கிற அரசு, உள்ளே எடுத்த அன்றைக்கே அந்தக் குறை தீர்ந்துவிட்டது போல நடந்துகொள்கிறது. முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாருக்கும் ஒரே விரிவுரை, ஒரே ஆங்கிலம், ஒரே வேகம்.

குப்பி இப்போது மரத்தடியில் மட்டும் நடப்பதில்லை. யூடியூபிலும் டெலிகிராமிலும் சூமிலும் நடக்கிறது. பதிவு செய்து போட்ட குப்பியை யாரும் பார்க்கலாம். அன்டி ரக் பிள்ளையும் பார்க்கலாம். நோட்ஸ் பிடிஎப் ஆகி ஒரு லிங்கில் கிடக்கும்போது அதை வைத்து யாரையும் முழங்காலில் நிற்க வைப்பது கொஞ்சம் கடினம். பகிடிவதையின் பிடி சில பீடங்களில் தளர்ந்ததற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை விட அந்த லிங்க்தான் கூடுதல் காரணம் எண்டு ஒருவர் வாதிட்டால், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் எந்தப் பாடத்தை எடுப்பது, பிடிக்காத துறையிலிருந்து எப்படி வெளியேறுவது, வீட்டில் காசில்லை எண்டதை ஆரிடம் சொல்வது என்ற கேள்விகளுக்கு லிங்க் இல்லை. அதுக்கு இன்னும் எங்கட ஊர் அக்காவின் நம்பர்தான் எடுக்க வேணும், அதுவும் அவவுக்கு எக்ஸாம் இல்லாத நேரமாகப் பார்த்து.